ஆத்தங்குடித் தரைமேல் ஒரு சாக்கு

குன்னூரில் உப்பு ஜாடியைத் திறந்தால் பாதி தண்ணீராக இருக்கும். தீக்குச்சியை உரசி உரசிக் கைதான் வலிக்கும், நெருப்பு வராது. துவைத்த பாவாடை கொடியில் தொங்கியபடியே பூசணம் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து மெத்தையில் உட்கார்ந்துகொள்ளும். காரைக்குடி வெயிலில் பிறந்து வளர்ந்த என்னை அந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் காரைக்குடிக்குப் பக்கத்து நாச்சியாபுரம்தான். மாமனார் காலத்திலேயே குன்னூருக்குப் போய்க் காய்கறி மண்டி வைத்துவிட்டார்கள். நான் வாழப்போனபோது மாமனாரும் மாமியாரும் உயிரோடு இல்லை. வீட்டை நடத்தியது என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. குன்னூரிலேயே பிறந்தவர். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வராது. எனக்கு வராததை நான் செய்வதில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தப்பு என் அப்பா மேல்தான். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சேர்ந்து மலைச்சரிவில் புது வீடு கட்டினார்கள். பெண் வீட்டார் சீர் செய்ய வேண்டுமே. அப்பா, ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் பயிர்வேலை பார்க்கிற சம்சாரி, கூடத்துத் தரை என் சீர் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து ஆளுக்குத் தரை என்றால் ஆத்தங்குடியில் கையால் வார்க்கிற பூப்போட்ட கல்தான், வேறு கல் கண்ணில் படாது. சித்திரை மத்தியானத்தில் வயலிலிருந்து வந்து, துண்டை உதறிப் போட்டுவிட்டு, அந்தத் தரையில் வெறும் முதுகைச் சாய்த்தால் கிடைக்கிற சுகத்தைவிடப் பெரிய சுகம் அவருக்குத் தெரியாது. அதைத்தான் மகளுக்குக் கொடுக்க நினைத்தார். குளிர்ச்சிக்கு ஏங்குகிற ஊர் ஒன்று, குளிருக்குப் பயந்து அடுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிற ஊர் ஒன்று என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. கல்லுக்கு நடுவே வைக்கோல் அடைத்து, லாரியில் ஏற்றி, ஊர்க் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி மலையேறி வந்தார்.

தரை அழகாகத்தான் வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்பூவாகச் சிரித்தது. ஆனால் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரை ஏறும். பனிமூட்டம் வந்தால் தரையே வேர்க்கும்.

புதுமனை புகுவிழா அன்று வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் ஐயோ என்று துள்ளினார்கள். என் ஓரகத்தி பின்கட்டுக்குப் போய், மண்டியிலிருந்து வந்த உருளைக்கிழங்குச் சாக்குகளை மண்ணோடு அள்ளி வந்து, வாசலிலிருந்து சாமி அறை வரை விரித்தார். விரித்துவிட்டு, எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

“வெயில்ல காஞ்சு கெடக்கறவங்களுக்கு வீடுன்னா என்னன்னு தெரியும்? சாக்கு மேலயே நடங்க. சீர்வரிசை காலைக் கடிக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். நான் கிட்டே போனதும் மெதுவாகச் சொன்னார்.

“அவுக சொல்றதும் சரிதான் தாயி. நாந்தான் யோசிக்கலை.”

பந்தி போட்டுக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, பசியோடு மலையிறங்கிப் போனார். சாகும்வரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அந்த அம்மாள் தன் வாயால் என் அப்பாவின் தரையை நல்ல தரை என்று சொல்ல வேண்டும். அன்று முதல் எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பிறகு என் வீட்டுக்காரர் தனியாக வியாபாரம் பார்க்கக் காரைக்குடிக்கு வந்தார். நாங்கள் கட்டிய வீட்டுக்கும் அப்பாதான் கல் எடுத்துக் கொடுத்தார். உயரமான கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் ஆத்தங்குடித் தரை. குன்னூரில் சமமான இடமே கிடையாது. ஒரு செம்பைக் கீழே வைத்தாலும் உருளப் பார்க்கும். பெய்கிற மழை அங்கே நிற்காது, கீழ்நாட்டைப் பார்த்து ஓடிவிடும். எங்கள் பக்கம் தட்டையான செம்மண். ஆறு கிடையாது. ஐப்பசியில் விழுகிற மழையை ஊருணியிலும் கண்மாயிலும் பிடித்து வைத்தால் உண்டு, விட்டால் இல்லை. அங்கே கதவை வைப்பது காற்றைத் தடுக்க, இங்கே வைப்பது காற்றைக் கூப்பிட. இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். என் ஓரகத்திக்குப் புரியவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

சில வருஷத்துக்கு முன்னால் என் மூத்தாருக்கு, அதாவது ஓரகத்தியின் வீட்டுக்காரருக்கு, மூச்சிரைப்பு வந்தது. குளிர் ஆகாது, காய்ந்த ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காய்ந்த ஊர் என்றால் எங்கள் ஊர்தானே. நாச்சியாபுரத்துப் பூர்வீக மனையில் வீடு கட்டுவதாக முடிவு செய்து, குன்னூர் இன்ஜினியர் போட்ட பிளானோடு ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். சூடு தங்குகிற மாதிரித் தாழ்ந்த கூரை. மரத்தரை. மேற்குப் பார்த்துக் கண்ணாடி அறை. மலையில் பூனை மாதிரி வெயில் காய்வதற்கென்றே அப்படி ஒரு அறை வைப்பார்கள். அதைக் கொண்டுவந்து நாச்சியாபுரத்தில் வைக்கிறார்!

“உங்க ஊர்ல யாருக்கும் வீடு கட்டத் தெரியல. நட்டநடு வீட்டுல ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க. எங்க பிளான் எப்படி?” என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“ஜோரா இருக்குக்கா. கண்ணாடி அறைய இன்னும் கொஞ்சம் பெருசா வைக்கலாம்ல?” என்றேன்.

பெரிதாகவே வைத்தார்.

தை பிறந்ததும் குடிவந்தார்கள். அந்த மாதம் முழுக்கக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடித்தபடி என்னைப் போனில் கூப்பிட்டுப் பெருமை பேசினார். பேசட்டும், பங்குனி எங்கே போய்விடப் போகிறது? மாசி முடிவதற்குள் மரத்தரைக்கு அடியில் கரையான் குடிவந்தது. பங்குனியில் ஏசியைப் போட்டால் கண்ணாடி வழியாக வருகிற வெயில் அதைத் தின்றது. சித்திரையில், கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி தலை தொங்கிவிட்டது. நான் வாராவாரம் இளநீர் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போதெல்லாம் ஆட்டோவில் தனியாகச் சிரித்தேன்.

கத்திரி வெயில் உச்சியில் இருந்த ஒருநாள் நாச்சியாபுரத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. மூத்தாரை என் வீட்டுக்காரரின் கடையில் இறக்கிவிட்டு, ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சுட்ட கத்திரிக்காய் போல் கறுத்திருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“கொஞ்சம் படுத்துக்கட்டுமா?”

“அதுக்கென்னக்கா, வாங்க.”

சொம்பு நிறைய மோர் கொடுத்தேன். பிறகு உள்ளே போய் ஒரு உருளைக்கிழங்குச் சாக்கை எடுத்துவந்து, உதறி, கூடத்துக்கு நடுவில் விரித்தேன்.

“தரை சில்லுன்னு இருக்கும்க்கா. உங்களுக்கு ஆகாதுல்ல. இதுமேல படுங்க.”

அவர் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறக்கவில்லை, நன்றாகவே நினைவிருக்கிறது என்று அந்த முகத்தில் தெரிந்தது. சாக்கில் படுத்தார்.

நான் எதிரே வெறும் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். சாக்கு குத்தியிருக்கும். அவர் இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். கை சாக்கைத் தாண்டித் தரையைத் தொட்டது. பிறகு முழங்கை வந்தது. வெங்காயம் உரித்து முடித்தேன். பூண்டை எடுத்துக்கொண்டேன்.

“இது உங்க அப்பா எடுத்துக் குடுத்த கல்லுதானே?”

“ஆமாக்கா.”

“நல்ல தரை.”

“என்ன சொன்னீக? காதுல விழல.”

கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னார். “உங்க அப்பா நல்ல தரைதான் போட்டுருக்காரு. போதுமா?”

எழுந்து போய்ச் சாக்கை உருவினேன். அவர் தரையில் முதுகைச் சாய்த்து, என் அப்பா விடுகிற மாதிரியே ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிஷம் குறட்டை. அப்பா அதைப் பார்க்க இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது. கோபமும் சேர்ந்தே வந்தது.

அவர் விழித்தபோது அடுப்படியில் சோறு வடித்திருந்தது, குழம்பு கொதித்து வாசம் வீடெல்லாம் பரவியிருந்தது. எங்கள் பக்கத்தில் எதிராளி வீட்டுக்கு வந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லாமல் அனுப்ப மாட்டோம். அவர் முகம் கழுவினார், முடியை அள்ளி முடிந்தார், அடுப்படியை ஒருதரம் பார்த்தார். நான் சாக்கை மடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப நான் கிளம்பறேன்,” என்றார்.

“சரிக்கா,” என்றேன்.

பசியோடுதான் படியிறங்கிப் போனார்.