சனிக்கிழமைப் பாட்டுக்காரிக்கு ஒரு படிக்கட்டு

துபாயின் அல் கூஸில் நான் வேலை செய்யும் பட்டறையில் கண்காட்சி ஸ்டால்களும் கல்யாண மேடைகளும் செய்கிறோம். அங்கே ஆட்கள் வருவதில்லை, வரைபடம்தான் வரும். அவர் மட்டும் நேரில் வந்தார். ஒரு குளிர்கால முற்பகலில், மரத்தூள் பறந்துகொண்டிருந்த வாசலில், வெள்ளி நிற ஷூ ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார். எழுபதை நெருங்கிய இத்தாலிக்காரப் பெண்மணி. பொன்னிற முடியைக் காதோடு கத்தரித்து விட்டிருந்தார்.

படிக்கட்டு செய்கிறவர் யார் என்று கேட்டார். ஃபோர்மேன் என்னைக் காட்டினார்.

"மாயெஸ்ட்ரோ!" என்று கையை நீட்டினார். கைவேலைக்காரரை அவர்கள் ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என் காதில் அது மேஸ்திரி என்று விழுந்தது. நம்ம ஊர்ச் சொல் இவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். பிறகு விஷயம் தெரிந்தும், எனக்கு அது கடைசிவரை மேஸ்திரியாகவேதான் கேட்டது.

கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அவருடைய ஆட்டமும் பாட்டும் நடக்கப்போகிறது, அதற்குப் படிக்கட்டு வேண்டும் என்றார். பதினொரு படி. ஒவ்வொன்றும் பதினெட்டு சென்டிமீட்டர் உயரம். அகலம் அந்த ஷூவின் நீளத்துக்கு மேல் நாலு விரல். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஒரே அளவு அரைகுறை என்பதால் பேச்சில் சிரமம் இருக்கவில்லை.

பிறகு, மாடியில் இருந்த ஆபீசுக்கு இரும்பு ஏணிப்படியில் ஏறினார். கைப்பிடியை இறுகப் பற்றி, ஒரு காலை வைத்து, மற்றக் காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, நின்று, மறுபடியும். வலது முட்டி போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

அன்று மதியம் நானாக ஒரு முடிவெடுத்தேன். படி உயரத்தைப் பதினைந்தாகக் குறைத்தேன். மொத்த உயரம் அதிகம் குறையாமல் இருக்க இரண்டு படி கூட்டினேன். பதின்மூன்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஹோட்டலில் ஒத்திகை. பியானோக்காரர் வாசிக்க, அவர் உச்சியிலிருந்து இறங்கினார். கண் கீழே பார்க்கவே இல்லை. பாட்டு முடிந்து, அவர் வலது கையைத் தூக்கி நின்றபோது, கீழே இன்னும் இரண்டு படி மிச்சம் இருந்தது.

"மேஸ்திரி!"

நான் முன்னால் போய் நின்றேன். "மேடம், உங்க முட்டி…"

"என் முட்டியைப் பற்றி யார் உன்னிடம் கேட்டது? நாற்பது வருஷம் இந்தப் பாட்டு பதினொரு படி. ஒரு படிக்கு ஒரு தாளம்."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. எனக்கும் அவமானம். பட்டறைக்குத் திரும்பி எல்லாவற்றையும் பிரித்து, கேட்டபடியே பதினொன்று செய்து கொடுத்தேன். மறு ஒத்திகையில் ஏழாவது படியில் அவர் கால் மடங்கியது. விழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பியானோ நின்றது. நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. வெகுநேரம் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் பதின்மூன்றைத் திரும்பச் செய்ய முடியுமா?" என்றார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. பியானோக்காரரிடம், "நீ இரண்டு தாளம் கூட்டு" என்றார்.

எங்கள் ஃபோர்மேன் லாகூர்க்காரர். "கலாஸ் பாய், கலாஸ்! மூணாவது தடவையா? டைம் மாஃபி!" என்று, போதும், நேரமே இல்லை என்பதை அரபு கலந்து கத்தினார். மறுநாள் காலை அந்த அம்மாவே பட்டறைக்கு வந்து பிளைவுட் அடுக்கின்மேல் உட்கார்ந்ததும் ஃபோர்மேன் வாயை மூடிக்கொண்டார்.

நான் அறுக்க அறுக்க அவர் பேசினார். அப்பாவுக்கு ரொட்டிக்கடை. பதினாறு வயதில் டெலிவிஷன் நிகழ்ச்சியில் கடைசி வரிசை ஆட்டக்காரி. முன்வரிசைப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த ஒரு சனிக்கிழமை இவரை முன்னால் நிறுத்தினார்கள். அதிலிருந்து எத்தனையோ வருஷம் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அந்த நாட்டில் இவர்தான். சாப்பாட்டு மேசையை டெலிவிஷன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு குடும்பங்கள் பார்க்குமாம். பெண்கள் இவரைப் போல முடி வெட்டிக்கொண்டார்களாம். பிறகு புதுச் சேனல்கள், புதுப் பெண்கள். இவருக்கு மத்தியானச் சமையல் நிகழ்ச்சி கொடுத்தார்கள். அப்புறம் குழந்தைகள் நிகழ்ச்சி. அப்புறம் டெலிபோன் அடிப்பது நின்றது.

"கோபம் வரலியா மேடம்?"

"வந்தது. வீட்டில் டெலிவிஷனைத் துணி போட்டு மூடினேன். ஒரு வாரம். பிறகு நானே எடுத்துவிட்டேன், பொழுது போகவில்லை."

சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். ஃபோர்மேன்கூடச் சிரித்தார். போனில் ஒரு பழைய துண்டுப் படம் காட்டினார். கறுப்பு வெள்ளையில், குச்சி போன்ற ஒரு பெண், ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவே சுழன்றுகொண்டிருந்தாள். நான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் பார்த்தேன்.

நிகழ்ச்சி அன்று திரைக்குப் பின்னால், படிக்கட்டின் சட்டத்தில் கை வைத்தபடி நின்றேன். ஒவ்வொரு அடியும் மரத்தின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. பதின்மூன்றாவதும் வந்தது. கூட்டத்தில் இருந்த வயதான இத்தாலிக்காரர்கள் எழுந்து நின்று கூடவே பாடினார்கள். சிலர் அழுததைத் திரை இடுக்கில் பார்த்தேன்.

இரண்டு குளிர்காலம் அது நடந்தது. முட்டிக்கு ஆபரேஷன் செய்ய ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஒன்றிரண்டு குரல் செய்தி அனுப்பினார். பிறகு அதுவும் இல்லை. நானும் விசாரிக்கவில்லை. கேட்கப்போய் என்ன பதில் வருமோ என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை லீவில் ரூமில் சமைக்கும்போது அந்தப் பழைய பாட்டுகளைத் தேடிப் போட்டுக்கொள்வேன். போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து வீடியோ காலில் வந்த மனைவி காதைக் கூர்மையாக்கினாள்.

"யாராக்கும் பாடுது? நமக்க பாஷை இல்லியே."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு மேடம்."

அவள் கொஞ்சநேரம் கேட்டாள்.

"சவுண்ட கூட்டுங்க. இங்க சரியா கேக்கல்ல" என்றாள்.