பிள்ளையாரின் புகைபோக்கி

அது மட்டுமோ ஈஸ்வரி, குழாய் வேலைக்கு வந்த அந்த வெள்ளைக்காரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே என் பிள்ளையாரின் மாடத்துக்குள் தலையை விட்டுவிட்டான்!

குசினிச் சுவரில் பழைய நெருப்பு மாடம் இருக்கிறதல்லவா, இந்த ஊர்க்காரர் ஒருகாலத்தில் விறகு எரித்த இடம், அதற்குள்தானே நான் சாமி வைத்திருக்கிறேன். சுடுதண்ணியும் வீட்டுக்குச் சூடும் சேர்த்தே தருகிற புதுச் சோடியேர் பூட்டவென்று மகன் ரவிதான் அவனைக் கூப்பிட்டான். பெட்டி அடக்கமான பெட்டிதான். அதன் புகையை எந்தப் பக்கம் விடுவது என்பதுதான் வழக்கு. ஊரில் அடுப்புப் புகை ஓட்டு இடுக்கால் தன்பாட்டில் போனது. இங்கே, நாங்கள் அகதியாக வந்த பாதையைக்கூட இப்படித் துருவிக் கேட்கவில்லை.

இரண்டு வழியாம். ஒன்று, மாடத்தைக் காலியாக்கி அதன் பழைய புகைபோக்கியால் கூரைக்கு மேலே. மற்றது, சுவரைத் துளைத்து முற்றத்துப் பக்கம். குழாய்க்குள் குழாய், உள்ளால் புகை போகும், வெளியால் காற்று வரும். சுவர் இடிக்கத் தேவையில்லாத முதல் வழிதான் ரவிக்குப் பிடித்தது.

“அம்மா, சாமியை அலுமாரிக்கு மேலை வைப்பம்.”

“உன்ரை டிவியை ஏத்தடா அலுமாரிக்கு மேலை. என்ரை பிள்ளையார் அசையார்.”

வேலைக்காரன் பையைக் கிளறினான். புகைபோக்கி நல்லதோ என்று பார்க்கக் கொஞ்சம் புகை எழுப்ப வேண்டுமாம். புகைதானே? அன்று வெள்ளி, தூபக்காலில் தணல் கனன்றுகொண்டு கிடந்தது. ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். குபுகுபுவென்று மேலே ஏறியது. அவன் “த்ரே பியான்!” என்று பெருவிரலைக் காட்டினான். புகைபோக்கி நல்லதென்றால் பெட்டிக் குழாய் அதற்குள்தானே. என் சாமியை மாடத்திலிருந்து கிளப்ப நானே உதவி செய்துவிட்டேனே!

உடனே கதவில் படபடவென்று தட்டு. மேல்வீட்டு மதாம், மூச்சு வாங்க நின்று பொரிந்து தள்ளினாள். ரவி தமிழில் சொன்னான்:

“தன்ரை சுவர் அலுமாரிக்குள்ளாலை புகை வருதாம். ஒவ்வொரு வெள்ளியும் இதே வாசமாம். ஆரோ புனிதர் வாறார் எண்டு பாதிரியாரைக் கூப்பிட்டுச் செபம் பண்ணினவவாம், அம்மா!”

மதாம் குனிந்து மாடத்தைப் பார்த்தாள். பிள்ளையாரைக் காட்டி ஏதோ கேட்டாள்.

“இவரோ அவர் எண்டு கேக்கிறா.”

“ஓம் எண்டு சொல்லடா. இவரேதான்.”

வேலைக்காரனின் முகம் தொங்கிவிட்டது. புகைபோக்கி நடுவில் வெடிப்பு விட்டிருக்கிறதாம். சோடியேர்ப் புகையை அதால் விட்டால் மதாமின் உயிருக்கே ஆபத்தாம். சுவர்தான் வழி. ரவி கட்டடத்துக்காரரிடம் அனுமதி வாங்கினான், வேலைக்காரன் ஜன்னல்களுக்கு எட்டமாய்த் தள்ளி அளந்து துளைத்துப் பூட்டினான். பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருக்கிறார், தும்பிக்கைகூட அசையவில்லை.

மாடத்து ஓட்டையைத் தகரத்தால் அடைக்கப் போனவனை மதாம் விடவில்லை. இப்போது சாம்பிராணியில் பாதி எங்களுக்கு, பாதி அவளுக்கு. ஒரே புகைதான் ஈஸ்வரி. கீழே பிள்ளையார், மேலே போனால் யாரோ ஒரு புனிதர்.

கேட்டதோ? மேலே மதாம் புகை எங்கே என்று தும்புத்தடியால் தரையைத் தட்டுகிறாள்! உம்மோடு கதைத்து நின்று இந்த வெள்ளியும் பிந்திவிட்டது. தள்ளும் பிள்ளை, தணல் போட வேணும்.