பச்சமுத்துவுக்குப் போன வெட்டு உத்தரவு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். இலக்கியா வேலை பார்ப்பது அங்கேதான். ஒரு தனியார் சர்க்கரை ஆலைக்கு அவர்கள் செயலி செய்து கொடுத்திருந்தார்கள். கரும்பு நட்ட தேதி வரிசைப்படி விவசாயிகளின் கைப்பேசிக்கு வெட்டு உத்தரவு போகும். உத்தரவு வந்தவர்தான் வெட்டலாம், அவருக்குத்தான் லாரி வரும். வெட்டிய கரும்பு வயலிலேயே கிடந்தால் காய்ந்து எடை இறங்கிவிடும்.

அன்று மாலை ஒரு புது மாற்றத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. சோதனைக்கென்று செயலியின் தனிப் பிரதி இல்லை; விவசாயிகள் பயன்படுத்துவது மட்டும்தான் இருந்தது.

"அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்? லைவ்லயே ஒண்ணு தட்டிப் பாரு, அப்பறம் அழிச்சிடு" என்றார் முதலாளி வெற்றிசெல்வன்.

கண்ணில் பட்ட பெயரைத் தட்டினாள். வடக்கனந்தல் பச்சமுத்து. சரியாக வேலை செய்தது. உடனே அழித்தாள். திரையில் அழிந்தது அவர் கைப்பேசியில் அழியாது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை லாரி ஓட்டுநர் கூப்பிட்டார். "ரெண்டு பேரு வெட்டிப் போட்டுக்கினு ஒரே வண்டிக்கு நிக்கறாங்க. கத்திய வேற தூக்கிட்டாங்க. இன்னாங்க மேடம் பண்ணி வெச்சிக்கிறீங்க?"

இலக்கியா வடக்கனந்தலுக்கு ஸ்கூட்டரை விரட்டினாள். ஒரு உயிர் போவதற்குள் போய்ச் சேர வேண்டும். வேறு எதுவும் அவள் மனதில் ஓடவில்லை.

அவள் போனபோது பச்சமுத்துவும் பக்கத்து நிலத்து அய்யனாரும் லாரியை மறித்து நின்றார்கள். உண்மையான உத்தரவு அய்யனாருடையது. அவர் நெற்றி ஏற்கெனவே பிளந்திருந்தது.

"எனுக்கு வந்துக்குது, பாருடா!" என்று பச்சமுத்து கைப்பேசியை நீட்டினார்.

"எனுக்கப்பறம் நட்டவன் நீ. எவன் கால நக்கி வாங்குன?"

பச்சமுத்துவின் வெட்டுக்கத்தி இறங்கியது. தடுத்த கையிலிருந்து அய்யனாரின் இரண்டு விரல்கள், உரித்துப் போட்ட கரும்புச் சோகையில் விழுந்தன. கத்தி மறுபடி ஓங்கியபோது இலக்கியா குறுக்கே பாய்ந்தாள்.

"அண்ணே, அது பொய் உத்தரவுண்ணே! டெஸ்ட் பண்ண நான்தான் அனுப்புனேன்! அவர வுட்டுடுங்க!"

கத்தி அந்தரத்தில் நின்றது.

"டெஸ்ட்டா? என் கரும்பு உனுக்கு வெளையாட்டு சாமானா?"

கத்திப் பிடியால் அவள் வாயில் அடித்தார். உதடு கிழிந்து ஒரு பல் தெறித்தது. முடியைப் பிடித்து இழுத்துப்போய், வெட்டிக் குவித்திருந்த கரும்பின் மேல் தள்ளினார்.

"சொல்லு, இத இப்ப எவன் அள்ளுவான்?"

போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதும் அவர் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தையல் போட்ட உதட்டோடு அலுவலகம் வந்தவளிடம் வெற்றிசெல்வன் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிடும்மா. ஒன் பேரும் வராது, எம் பேரும் வராது."

"சிஸ்டத்துக்குக் கை இருக்குதா சார்? தட்டுனது நானு. தட்டச் சொன்னது நீங்க."

காவல் நிலையத்தில் அதையே எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்து, முதலாளியைக் கேட்காமலேயே சோதனைக்கென்று தனிப் பிரதி ஒன்றை உருவாக்கினாள். விவசாயிகள் யாருடைய எண்ணும் அதில் இல்லை. தன் எண்ணையும் முதலாளி எண்ணையும் மட்டும் சேர்த்தாள். பிறகு தட்டினாள்.

வெற்றிசெல்வனின் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. "உங்கள் முறை வந்துவிட்டது. வெட்டலாம்."

அவர் விரல்களைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.