தூர்னே தறியில் இரண்டு முகங்கள்

தூர்னே நகரத்துச் சுவர்த்திரை நெசவாளர்களிடம் லாம்பெர் என்று கேட்டால் தெரியாது. இலைக்கார லாம்பெர் என்று கேட்க வேண்டும். கிரெப்பேன் முதலாளியின் தறியில் இருபத்திரண்டு வருஷமாக அவன் நெய்தது இலை, புல், வேலியோரப் பூ. பிரபுக்களின் கூடங்களில் தொங்கும் திரைகளில் மனித முகத்தை நெய்கிறவனுக்கோ கூலியும் தனி, மரியாதையும் தனி. பழைய முகக்காரர் இறந்துபோனதும் அடுத்தது தான்தான் என்று லாம்பெர் நம்பியிருந்தான். அவன் மனைவி மரோய் அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

முதலாளியோ அராஸ் நகரத்திலிருந்து ரெனியே என்பவனைக் கூட்டிவந்துவிட்டார். லாம்பெரைவிடப் பத்து வயது சின்னவன். தறியின் முன் நெசவாளர்கள் உட்காரும் பலகையில் லாம்பெருக்கு இடப்பக்கம், தோளோடு தோள் உரச, அவனுக்கு இடம் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து லாம்பெருக்கு அவன் மீன் தின்பதும் ஆகவில்லை, சீட்டியடிப்பதும் ஆகவில்லை. எல்லாவற்றையும்விட லாம்பெரை உறுத்தியது, நிறத்துக்கு ஒன்றாக ஊடைநூல் சுற்றிய குச்சிகளை அவன் வரிசையாக அடுக்கிக்கொண்டு யாரையும் தொடவிடாததுதான்.

"அண்ணே, அந்த வரிசைய மட்டும் கலைச்சிடாதீங்க."

"ஏன், தங்கத்தையா சுத்தி வச்சிருக்க?"

"என் வீட்டுக்காரி அடுக்கிக் கொடுத்தது. கலைஞ்சா நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்."

பலகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். லாம்பெர் சிரிக்கவில்லை.

வீட்டில் மரோய் வேறு. "அவன் பொண்டாட்டி கோயில்ல முன்னாடி போய் நிக்கிறா. தலையில புதுத் துணி. நீங்க இன்னும் புல்லையே கட்டி அழுவுங்க."

அப்போது தறியில் இருந்தது ஒரு ராணியும் அவள் தோழியும். ராணியின் முகத்தை ரெனியே முடித்துவிட்டான். தோழியின் கன்னத்தைத் தொடங்கியிருந்தான். ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது லாம்பெர் பின்தங்கினான். வரிசையில் மூன்றாவதாக இருந்த வெளிர்ரோஜாக் குச்சியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தன்னுடைய வெளிர்பச்சைக் குச்சியை வைத்தான். பயல் கொஞ்ச நேரம் தேடி அலையட்டும் என்ற அற்பப் புத்திதான்.

ரெனியே வந்து உட்கார்ந்தான். மூன்றாவது குச்சியை எடுத்தான், பார்த்தான், நெய்ய ஆரம்பித்தான். பொழுது சாய்வதற்குள் தோழியின் கன்னத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை ஏறிவிட்டது. லாம்பெர் குனிந்து பார்த்தான். இவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றா?

மறுநாள் காலை, முதலாளி கதவைத் திறக்கும்போதே லாம்பெர் வாசலில் நின்றான். குச்சியை மாற்றியதைச் சொல்லவில்லை, ரெனியேவுக்கு நிறம் தெரியாததை மட்டும் சொன்னான்.

முதலாளி தறிக்கு வந்து கன்னத்தில் விரலை வைத்தார். "ரெனியே, இது என்ன நிறம்?"

அவன் வெகுநேரம் பார்த்தான். "ரோஜா, முதலாளி."

பலகையில் யாரும் சிரிக்கவில்லை. பச்சையைப் பிரித்தெடுக்கும் வேலை ரெனியேவுக்குப் போனது. தோழியின் முகம் லாம்பெருக்கு வந்தது.

அவன் மூன்று வாரம் குனிந்த தலை நிமிராமல் நெய்தான். நெய்கிறவன் பார்ப்பது பின்பக்கம்தான்; முன்பக்கம் தறிக்கு அடியில் இருக்கும். திரையை அறுத்து இறக்கி விரித்த அன்றுதான் அவனும் அதைக் கண்டான். ராணி யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வாயெடுப்பவள் போல இருந்தாள். தோழியின் முகத்தில் ஒரு நிறம் பிசகில்லை, ஒரு இழை பிசகில்லை. ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழ் ஓரத்தைக் காட்டி, "லாம்பெரு, இந்தப் பூ நல்லா வந்திருக்குய்யா," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ரெனியே மறுபடி முகத்துக்கு உட்கார்ந்தான். நிறம் பார்த்துக் குச்சி எடுத்துக் கொடுப்பது லாம்பெரின் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதல் குச்சியை வாங்கும்போது ரெனியே தணிந்த குரலில் கேட்டான். "மாத்தி வச்சது நீங்கதானே, அண்ணே? என் வீட்டுக்காரி தப்பா அடுக்கவே மாட்டா."

"ஆமா."

ரெனியே அடுத்த நிறத்துக்குக் கையை நீட்டினான். லாம்பெர் சரியானதைக் கொடுத்தான்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. ஒருநாள்கூட அவன் தப்பான நிறம் கொடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு திரையை விரிக்கும்போதும், புதிதாக ஒரு முகம் உயிரோடு பார்க்கும்போதும், அவனுக்கு அடிவயிறு எரியத்தான் செய்தது. ரெனியேவின் கடைசி மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்க லாம்பெரைக் கேட்டார்கள். போனான், நின்றான், விருந்தும் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து மரோயிடம், "விருந்துல உப்பு தூக்கலா இருந்துச்சு," என்றான்.