வீட்டில் தெலுங்கு வேண்டாம் என்றேன்

எங்கள் கம்பெனியில் செய்த பாகம் ஒன்று பழுதாகித் திரும்பி வந்தால் ஒரு தாளை நிரப்ப வேண்டும். வொய்-வொய் ஷீட் என்போம். அதில் ஐந்து கட்டங்கள். ஏன் உடைந்தது? பதில் எழுது. அந்தப் பதில் ஏன்? அதற்கும் எழுது. இப்படி ஐந்து முறை கேட்டுக்கொண்டே இறங்கினால் அடியில் மூல காரணம் அகப்படும் என்பது நம்பிக்கை. அதற்குக் கீழே திருத்த நடவடிக்கை, அதற்கும் கீழே கையெழுத்து. அரூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து பதினான்கு வருடங்களாக, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்கார்ந்து இந்தத் தாளைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

பாதித் தாள்கள் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்றுதான் முடியும். மெஷின் மேல் எழுதினால் மெயின்டனன்ஸ்காரன் சண்டைக்கு வருவான். டிராயிங் மேல் எழுதினால் டிசைன் ஆபீஸ் பெரிய மெயிலாகப் போடும். ஆபரேட்டர் எதிர்த்துப் பேச மாட்டார். தாள் அன்றைக்கே மூடிவிடும்.

என் மகளுக்கும் அப்படி ஒரு தாள் நிரப்பினேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

அவளுக்கு மூன்று வயதானபோது டாக்டர் ஆட்டிசம் என்றார். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். எதனால் என்று கேட்டேன். இதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது, பிறப்பதற்கு முன்பே மூளை வளர்கிற விதத்தில் இருப்பது, யார் மேலும் தப்பில்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. காரணம் தெரியாது என்று கட்டத்தைக் காலியாக விட்டால் எங்கள் கம்பெனியில் தாளை முகத்தில் எறிவார்கள்.

டாக்டருக்குத் தெரியாதது ஊருக்கே தெரிந்திருந்தது. கேன்டீனில் ஒருவர் செல்போன் என்றார். இன்னொருவர், என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்தவள் என்பதை நினைவு வைத்துக்கொண்டு, பூவுக்கு அடிக்கிற மருந்து என்றார். மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றார் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா. சூளகிரி பஸ்ஸில் ஒருநாள் மகள் கத்தியபோது முன்சீட்டு அம்மாள் திரும்பி, “புள்ளைய அடக்கத் தெரியாதா உனக்கு?” என்று என் மனைவியைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவள் என் மகள் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் பார்த்தேன்.

கடைசியில் என் அக்காதான் எனக்குப் பிடித்த காரணத்தைக் கொண்டுவந்தாள். “நீ தமிழு, அவ தெலுங்கு, எதிர்வூட்ல கன்னடம். மூணு பாஷையில பச்சப்புள்ள எதைடா புடிக்கும்? கொழம்பிப் போயிருக்குது.”

கேட்டவுடன் மனசு லேசானது. என் மனைவிக்கு ஊர் பேரிகைப் பக்கம். விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. கடைக்குத் தமிழ், சந்தைக்குக் கன்னடம், குழந்தைக்குத் தெலுங்கு என்று அவள் வாய் தானாக மாறிக்கொள்ளும். இந்த எல்லையில் எல்லாருக்கும் அப்படித்தான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் மூன்று பாஷையில்தான் வளர்ந்தார்கள், நன்றாகத்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒரு நொடி தோன்றாமலில்லை. தோன்றியதைத் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஏன் பேசவில்லை? சொற்கள் மனதில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? ஒரு பொருளுக்கு மூன்று பெயர் கேட்கிறாள். ஏன் மூன்று? வீட்டுக்குள்ளேயே இரண்டு மொழி. ஏன் இரண்டு? தாய் தெலுங்கில் பேசுகிறார். ஏன் பேசுகிறார்? ஐந்தாவது கட்டத்தில் என் கை பழக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியது. ஐந்து கட்டங்களில் ஒன்றில்கூட நான் இல்லை.

திருத்த நடவடிக்கை: வீட்டில் தமிழ் மட்டும்.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தாளைப் பார்த்தாள். எங்கள் வேலை அவளுக்குத் தெரியும். கடைசிக் கட்டத்தை வாசித்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை.

“உங்ககிட்ட, கடையில எல்லாம் தமிழ் வருதுங்க,” என்றாள். “அவளைத் தூக்கினா தமிழ் வர மாட்டேங்குதே.”

“வர வெச்சுக்கோ,” என்றேன்.

வரவைத்துக்கொண்டாள். உட்காரு. சாப்பிடு. அதைத் தொடாதே. தூங்கு. அவள் தமிழில் மகளுக்கு இவ்வளவுதான் இருந்தது. முன்பெல்லாம் சோறூட்டும்போது, தலை வாரும்போது, துணி காயப்போடும்போது இடைவிடாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பாதி புரியாது. அது நின்றுபோனது. வீடு ஒழுங்காக இருப்பதாக எனக்குப் பட்டது.

நான் அதோடு விட்டேனா? அவள் தம்பி கல்யாணத்துக்குப் பேரிகை போனபோது, பந்தலில் மகளைக் கொஞ்ச வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, “இவகிட்ட தெலுங்கு பேசாதீங்க, டிரீட்மென்ட் நடக்குது,” என்றேன். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை, என் சொல்லுக்கு மரியாதை. பெரிய மாமனார் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டார். தமிழ் சரியாக வராத பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பேசாமல் நகர்ந்தார்கள். மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், சுற்றி ஒரு கல்யாணக் கூட்டம் முழுக்க அவளிடம் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஏற்பாடு செய்தவன் நான்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. மகளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வரவில்லை.

ஒருநாள் கம்பெனியில் மின்சாரம் போய்விட்டது, மதியமே அனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம். மகள் சிரிக்கிறாள். மனைவி சொல்கிறாள், “ரா தல்லி, புவ்வ திந்தாம்.” வாடி அம்மா, சோறு தின்னலாம் என்று அர்த்தம். அதற்கு மகள் ஏதோ சத்தம் எழுப்பினாள். அவள் அம்மாவின் ராகத்தில், அவள் அம்மா நிறுத்திய இடத்தில் பதிலாக எழுப்பினாள்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. நான் கேட்டைத் தள்ளினேன். அது எப்போதும்போல் கிறீச்சிட்டது. உடனே மகள் எட்டி, தன் உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

எனக்கு வந்தது கோபம்தான். மறைப்பானேன்? “ரெண்டு வருஷமா என்னை ஏமாத்தினியா? நீதான் கெடுத்தே,” என்று கத்தினேன். மகள் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் பெங்களூருவில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவிடம் இருவரையும் கூட்டிப் போனேன். என் தரப்பைச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தாளையும் பையில் வைத்திருந்தேன். அவர் மகளோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடினார். பிறகு என் மனைவியிடம், “நீங்க குழந்தையோட எந்த பாஷையில பேசுவீங்க?” என்று கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல அனுமதி கேட்கிற பார்வை. அதை அவரும் பார்த்துவிட்டார்.

நானே சொன்னேன். தெலுங்கை நிறுத்திவிட்டோம் என்றேன்.

“யார் சொன்னாங்க சார்? ரெண்டு பாஷை, மூணு பாஷை கேட்டா ஆட்டிசம் வராது. கேக்காம விட்டா போகவும் போகாது.” அவர் குரலை உயர்த்தவில்லை. “இந்தக் குழந்தைக்கு மனுஷங்களோட சேர்றதுதான் கஷ்டம். அவளோட சேர்ந்திருந்த ஒருத்தர் பேச்சைப் போய் நிறுத்தியிருக்கீங்களே.”

வழக்கமான கேள்வியாக, இரண்டு குடும்பத்திலும் யாராவது சின்ன வயதில் இப்படி இருந்தார்களா என்று கேட்டார். எட்டு வயது வரை நான் பச்சைத் தட்டு இல்லாமல் சாப்பிட்டதில்லை, பட்டாசுக்குப் பயந்து தீபாவளியன்று நெல்லுக் குதிருக்குள் கிடந்தேன். “தெரியலைங்க,” என்றேன். பையிலிருந்த தாளைக் கடைசிவரை எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், அத்திப்பள்ளி தாண்டியதும், “இனிமே நீ தெலுங்குல பேசு,” என்றேன்.

மகளின் தலை மனைவியின் மடியில் இருந்தது. “நீங்க ஆஃப் பண்ணா நிக்கறதுக்கும் ஆன் பண்ணா ஓடறதுக்கும் அது மெஷினாங்க?” என்றாள். மகளின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, “அவகிட்ட பேசினது தப்புன்னு நானே நம்பிட்டேங்க. ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்துதான் பேசினேன். அந்தப் பயத்தைத்தான் அவ கத்துக்கினா,” என்றாள்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. மனைவி மறுபடியும் பேசுகிறாள், முன்பைவிடக் குறைவாக. பஸ்ஸில் யாராவது திரும்பிப் பார்த்து ஏதாவது சொன்னால், “என் மகள்தான்” என்று நான் முந்திக்கொண்டு சொல்கிறேன். சொல்லிவிட்டு, இதைச் சொல்ல எத்தனை வருடம் எடுத்துக்கொண்டாய் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கு எண்ணெய் விட்டாயிற்று. வண்டியைத் தெருமுனையிலேயே ஆஃப் பண்ணிவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறேன். இருந்தும் நான் உள்ளே வந்தால் அந்தச் சின்னக் கை அம்மாவின் வாய்க்குப் போகிறது. அடுத்தவர் மனசு இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று கேன்டீனில் ஒருவர் சொன்னபோது, எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் ஒன்று செய்து பார்த்தேன். மனைவியிடம் கேட்டு, அந்த ஒரு வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பழகினேன். மதியம் தட்டில் சோறு பிசைந்து மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். “ரா தல்லி, புவ்வ திந்தாம்” என்றேன்.

அவள் விளையாடிக்கொண்டிருந்த மூடியைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று என்னிடம் வந்தாள். உள்ளங்கையால் என் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று கேட்டையே பார்த்தாள்.