ஒரே பால் குடித்த ரத்தம்

அன்று அடையாறு மருத்துவமனை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: டாக்டரம்மா, என் அண்ணன் ஏழுமலை, அக்கா சாந்தி, என் மகள் திவ்யா, நான்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. நான் மீன் விற்கிறவள். கூடை பட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றியது. அப்ளாஸ்டிக் அனீமியா என்றார்கள் (எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோவது). கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்கலாம். அண்ணனும் அக்காவும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம். நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள், எந்தக் காகிதம் வந்தாலும் திவ்யாவைத்தான் படிக்கச் சொல்வேன். அந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது.

இரண்டு பேருடையதும் துளிகூடப் பொருந்தவில்லை. சொந்த உடன்பிறப்புக்குள்ளும் அப்படி வரலாமாம். எதனால் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள டிஎன்ஏ ரேகையும் பார்த்திருந்தார்கள் (கைரேகைபோல ஆளுக்கு ஆள் மாறும், உறவைக் காட்டும் அடையாளம்).

"அவங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்க. நீங்க இல்லம்மா," என்றார் டாக்டரம்மா.

நம்பாமல் சிரித்துவிட்டேன். என் பெயர் குப்பம்மா. எனக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் தவறியதால், சாவு கண் வைக்காமலிருக்கக் குப்பையில் போட்டு எடுத்து வைத்த பெயர் என்பாள் அம்மா. எங்கள் பக்கம் இந்தப் பெயர் நிறைய.

அக்கா அழுதாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்று புரிந்தது.

"உன்ன குப்பையில போட்டு எடுக்கல குப்பு," என்றான் அண்ணன். "நெசமாவே அங்கேர்ந்து எடுத்தாந்ததுதான்."

"தெரிஞ்சிக்கினே இன்னாத்துக்குண்ணே ரத்தம் குடுத்த? மூணு வாரம் நாளை எண்ணிக்கினு கெடந்தேனே!"

"யாராண்டயும் சொல்லமாட்டேன்னு அம்மாவாண்ட சத்தியம் பண்ணிக்கீறேன். ஒரே பால்தானே குடிச்சோம், ஒத்துப்போவும்னு நெனச்சேன்."

உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறான். அதனால் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

பொருந்தவில்லை என்பதற்காக நீங்கள் யாரையும் சந்தேகப்படாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது மறைத்து வைத்திருந்தால், ரத்தம் எடுக்கும் முன்பே டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். நோயாளிக்கு மூன்று வாரம் சின்ன விஷயம் இல்லை.

பெற்ற பிள்ளை பாதி பொருந்துமாம். திவ்யா மஜ்ஜை கொடுத்தாள். இப்போது என் ரத்தத்தில் அவள் ரேகைதான் தெரிகிறது.

"யம்மா, உனக்கு இருவது வயசு ரத்தம். என்னாண்ட மரியாதையா பேசு," என்கிறாள்.

அண்ணன் ஞாயிறுதோறும் வருகிறான். வாசலோடு பேசி அனுப்பிவிடுகிறேன்.

மருத்துவமனைப் படிவத்தில் வயது என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. நான் பிறந்த தேதியும் அவர்கள் சொன்னதுதான்.