கேட்டுக்கு ஐம்பதடி முன்னால்

எங்கள் பக்கத்துப் பழைய பைக் பந்தயத்துக்கு ஒரே விதிதான்: ஓட்டுகிறவனின் கல்யாணத்தைவிட வண்டிக்கு வயது கூடியிருக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, அதனால் குடும்பங்களில் வந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. என் மனைவி என் வண்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

அந்தச் சக்களத்தி நடுவீட்டில், டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். ஆயில் ஒழுகும் என்று மனைவியின் பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து வைத்திருந்தேன். "இந்தத் தடவையும் தோத்தீகன்னா பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிருவேன்" என்றாள். சொன்னால் செய்துவிடுவாள். வண்டியும் போய்விட்டால் எனக்கென்று மிஞ்சுவது சர்க்கரை வியாதி மட்டும்தான்.

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும் வாரத்தில் பந்தயம் நடக்கும். ஏழாயிரம்பண்ணையில் கிளம்பி மண்பாதை வழியாக வெம்பக்கோட்டை அணைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்தில் வேலை விட்டதும் யார் முதலில் வீட்டுக்குப் போவது என்று போர்மேன்கள் வண்டியை முறுக்கியதில் ஆரம்பித்ததாம். எங்கள் பாரம்பரியத்தின் லட்சணம் அவ்வளவுதான். இந்த முறை பன்னிரண்டு பேர். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள். இன்னொருவன் காலண்டர் அச்சடிக்கும் என் மச்சினன். அவன் வண்டி பாதி வழியில் இருமி நின்றுவிடும் என்பதால் அவனை யாரும் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

நான்தான் முதலில் போனேன். சத்தியமாக. ஒரு வளைவில் திரும்பியதும், பத்தொன்பது வருஷமாக நான் வேலை பார்க்கும் ஆலையின் சிவப்பு போர்டு தெரிந்தது. எந்தப் பட்டாசு ஆலையிலும் கேட்டுக்கு ஐம்பதடி முன்னாலேயே எஞ்சினை அணைத்து, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். சைலன்சரிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

போர்டைப் பார்த்தேன். கை சாவியைத் திருப்பிவிட்டது. இறங்கினேன், தள்ளினேன், தினமும் செய்வதுபோல, உள்ளே கொண்டுபோகக் கூடாத செல்போனை எடுத்து வாட்ச்மேனிடம் நீட்டினேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு லீவுல்லா! எங்க வந்தீக?" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தால், மீதிப் பத்து ஆலைக்காரர்களும் வரிசையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"அத்தான், பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கத்திக்கொண்டே மச்சினன் எங்களைத் தாண்டிப் போனான். சூடேறிய என் வண்டி எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை; மற்றவர்களுக்கும் அதே கதிதான். அணையில் அவனுக்குச் சால்வை போட்டார்கள்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் அவன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான். அவள் வாசலில் நின்றாள்.

"லீவு நாள்லயுமா அணைச்சீக?"

"கை தானா அணைச்சிருச்சு."

"கேட்டுக்கு எம்புட்டு முன்னாடி?"

"அம்பதடி இருக்கும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கனயாச்சும் டமார்னு சத்தம் கேட்டா, நீங்க வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. பத்தொம்பது வருசமா இப்படித்தான். இனிமே எறங்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்படிச் சாப்பிடாமல் இருந்தது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவே தெரியாது.

இரும்புக்காரனை அவள் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் சக்களத்திக்கு அடியில் கிடந்த சேலையை உருவிவிட்டு, வேறொரு துணியை மடித்து விரித்தாள். நான் தீபாவளிக்கு எடுத்த புது வேட்டி அது.